மீனா அறை

பாண்டிமீனாவின் நுரையீரலுக்காக மதுரையில் ஓர் அறை கட்டியிருந்தார்கள். அதற்கு அவள் பெயரையே வைத்திருந்தார்கள். விருதுநகர் வத்தல் மில்லில் காம்பு கிள்ளுகிற ஒரு பெண்ணுக்கு இப்படியொரு கௌரவம் அதுவரை கிடைத்ததில்லை. அறைக்குள் பன்னிரண்டு நாற்காலிகள், காற்றில் மிளகாய் நெடி. மில்லில் எவ்வளவு தூசி பறக்கிறதோ அதே அளவு, இயந்திரம் அளந்து விடும். பன்னிரண்டு பேர் நாளுக்கு எட்டு மணி நேரம் அதற்குள் உட்கார்ந்து மூச்சு விட்டார்கள், மாதத்தில் இருபத்தாறு நாள். யாரும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. விரும்பி வந்தவர்கள்.

நடப்பது 2061. மனிதக் கையே இல்லாமல் எல்லாம் நடக்கும் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன காலம். வத்தல் மில்லிலும் இயந்திரக் கைகளை வைத்துப் பார்த்தார்கள். மிளகாய்த்தூள் புகுந்து மூன்றே மாதத்தில் மூட்டுப் பிடித்து நின்றுவிட்டன. மனிதக் கைக்கு அந்தத் தொல்லை கிடையாது, நெஞ்சுதான் போகும். அதைப் பழுது பார்ப்பது மில்லின் வேலையில்லை என்பதால் மறுபடி பெண்களையே சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த மில்லுக்கு ஒரு மருத்துவ முகாம் வந்தது. நூற்றுச் சொச்சம் பெண்களின் நெஞ்சையும் படம் பிடித்தார்கள். பத்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரலில் தழும்பு. இருபது வருஷம் பார்த்தவர்களுக்குப் பாதி நுரையீரலே தழும்பு. பதிவேட்டின்படி ஆரம்பத்தில் ஒரு ஆறு நாள் தவிர இருபத்திரண்டு வருஷமாக லீவே போடாத பாண்டிமீனாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவளுடைய நுரையீரலைக் கழுவி, அந்தத் தண்ணீரில் வந்த உயிரணுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றை வளர்த்து, புகையிலும் கிருமியிலும் நெஞ்சு வெந்து கிடந்த நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். மருத்துவர்கள் கைவிட்டுவிட்ட ஏழு பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தியிடம் எடுப்பது எத்தனை பேருக்குக் காணும்? அவளைப் போலவே இன்னும் பன்னிரண்டு பேரை உண்டாக்கிவிடலாம் என்றுதான் மீனா அறை.

நாலு மாதம் ஆயிற்று. பன்னிரண்டு பேரும் இருமினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஜெபசீலி வழக்கம்போல் பாண்டிமீனாவை மதுரைக்கு வரவழைத்திருந்தார். அந்த ஆராய்ச்சியே அவருடையதுதான். ஐம்பது வயதுக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர் என்று பாண்டிமீனா நினைத்திருந்தாள். அவளிடம் அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்ன சாப்பிடுறீங்க, எப்படித் தூங்குறீங்க, எதையாவது சொல்லாம விட்டிருக்கீங்களா?"

"கம்பங்கூழு, கருவாட்டுக் குழம்பு, ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிப்பேன். அம்புட்டுத்தான் டாக்டரம்மா."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அதைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறினாள்.

வெளியே பெஞ்சில் ஐயனார் உட்கார்ந்திருந்தான். திருமங்கலத்தில் வேன் ஓட்டுகிறவன், பன்னிரண்டு பேரில் ஒருவன். அவன் மனைவி ஜோதிலட்சுமி ஒரு பிளாஸ்டிக் குடோன் தீயில் புகையைக் குடித்துப் பதினோரு நாள் மூச்சுக்குழாயோடு கிடந்தாள். அந்த உயிரணுக்களில் ஒரே ஒரு பை ஏற்றினார்கள். நாலாம் நாள் குழாயை எடுத்ததும், காப்பி வேண்டும் என்று கேட்டாளாம். அன்றிலிருந்து பாண்டிமீனாவைக் கண்டால் எழுந்து நிற்பான். வாரம் தவறாமல் ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவருவான்.

"உக்காருங்க தம்பி, எதுக்கு எந்திரிக்கீங்க."

"எம் பொண்டாட்டி நெஞ்சுக்குள்ள உங்க ஆளுங்கதானக்கா வேலை பாத்தாங்க. எந்திரிக்காம எப்படி?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பும்வரை அப்படியே நின்றான். பிறகு, பின்னாலேயே வந்து நின்ற டாக்டரைப் பார்த்துக் கேட்டான்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல டாக்டரம்மா. தூசி போனா நெஞ்சு வீங்குது, சரி. அந்த வீக்கம் தானா எப்படி வத்துது?"

"தானா வத்துறதில்ல ஐயனார். அப்படித்தான் ரொம்ப காலம் நாங்களும் நெனச்சிருந்தோம்" என்றார் டாக்டர். "கல்யாணத்துல பந்தி நடக்குதுன்னு வச்சுக்கங்க. தூசி உள்ள போனதும் உடம்பு முதல்ல ஒரு கூட்டத்த அனுப்பும். அது வந்து அடிச்சு நொறுக்கிட்டு அங்கேயே செத்து விழும். பந்தி முடிஞ்சா இலை எடுக்க ஆள் வேணும்ல? அதுக்குன்னு இன்னொரு கூட்டம் இருக்கு. செத்தத அதுதான் தின்னு தீர்க்கும். இனிமே யாரும் வர வேணாம்னு சேதி அனுப்பும். தேங்கின தண்ணிய வடிக்கும், பிஞ்சுபோன தரையத் திரும்பப் போடச் சொல்லும். வீக்கத்த யாரோ வேலை பாத்துத்தான் வத்த வைக்கிறாங்க. அந்த வேலை அரைகுறையா நின்னா தழும்பு."

"எங்க இலை எடுக்கிற ஆளுங்க சோம்பேறிங்களா?"

"இன்னும் பழகல. பாண்டிமீனாவோட ஆளுங்க இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள் விடாம தூசியில பழகினவங்க. உங்களுக்குப் பழக்கம் பத்தலன்னு எங்க ஆராய்ச்சிக் கமிட்டி நினைக்குது. அதனால நாளைலருந்து தூசிய ஒண்ணரை மடங்கு ஆக்குறோம்."

ஐயனார் தலையாட்டினான்.

"இவரு இப்பவே இப்படி இருமுறாரே டாக்டரம்மா" என்றாள் பாண்டிமீனா.

"தெரியுது. ரெண்டு பேருக்குப் படத்துல தழும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. இதுல ஒருத்தர் இவரு. போயிருங்கன்னு சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறாரு."

"பாதியில விட்டுட்டுப் போனா எம் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டா" என்றான் ஐயனார்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார். "நாளைக்கு முதல் திங்கள். நெஞ்சு கழுவுற வேன் உங்க மில்லுக்கு வரும்ல? இந்தத் தடவை நானே வர்றேன். எங்க தப்பு நடக்குதுன்னு நேர்ல பாக்கணும்."

பாண்டிமீனா கொய்யாப்பழப் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். அவளுக்கே நெஞ்சு லேசாகக் கமறியது. அவளுடைய வாரம் முந்தைய நாள் சனிக்கிழமையோடுதான் முடிந்திருந்தது.

அவள் சொல்லாமல் விட்டது அந்த வாரக் கணக்கைத்தான்.

பாண்டிமீனாவும் சங்கரேஸ்வரியும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். புருஷன்மார் இருவரும் லாரியில் வடக்கே போனால் மாதத்தில் பாதி நாள் வர மாட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. பாண்டிமீனா மில்லில் சேர்ந்த ஆறாம் மாதம் நெஞ்சடைத்துப் படுத்துவிட்டாள். தொடர்ந்து எட்டு நாள் போகாவிட்டால் வாசலில் காட்டி உள்ளே போகிற கைப்பட்டை செத்துவிடும், அதோடு வேலையும் போய்விடும். ஏழாம் நாள் காலை, கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத சங்கரேஸ்வரி அந்தப் பட்டையை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டு, துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு மில்லுக்குப் போனாள். வத்தல் கிள்ளித் தேய்ந்த விரலில் ரேகை பதியாது என்பதால் மில்லில் அதைப் பார்ப்பதில்லை. மில்லில் எல்லாப் பெண்களும் முகத்தில் துண்டு கட்டியிருப்பார்கள், வெளியே தெரிவது சிவந்த கண்கள் மட்டும். வாசலில் இருந்த இயந்திரம் பட்டையைப் பார்த்தது, பச்சை விளக்கைப் போட்டது. அந்த ஒரு வாரத்தில் பாண்டிமீனாவின் நெஞ்சு தெளிந்தது. அடுத்த வாரம் சங்கரேஸ்வரிக்கு இருமல். இவள் போனாள், அவள் சோறு பொங்கினாள்.

அப்படியே தொடர்ந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பட்டை கை மாறும். ஒரு வாரம் ஒருத்திக்கு மில்லு, மற்றவளுக்கு அடுப்பும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும். கூட வேலை பார்க்கிற பெண்களுக்கெல்லாம் தெரியும். காட்டிக்கொடுக்கிற ஜாதி இல்லை அவர்கள். கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள், அவ்வளவுதான். எல்லோருக்கும் இப்படி ஓரகத்தி வாய்த்துவிடுமா?

மாதத்தின் முதல் திங்களன்று யார் முறையோ, வேனில் போய்ப் படுப்பதும் அவள்தான். வேனில் வருகிற ஆள் மாதத்துக்கு ஒருவன். பட்டையைப் பார்ப்பான், மூக்கு வழியாகக் குழாயை விடுவான், கழுவிய தண்ணீரைப் பையில் பிடித்துக்கொண்டு போய்விடுவான். டாக்டர் முன்னால் போய் உட்கார்வது மட்டும் எப்போதும் மூத்தவள்.

இந்தத் திங்கள் சங்கரேஸ்வரியின் முறை. டாக்டரோ நேரில் வருகிறார்.

சங்கரேஸ்வரி முற்றத்தில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். வாய்த்துடுக்கு அதிகம் அவளுக்கு, பயம் குறைவு. மூத்தவளுக்கு இரண்டும் நேர்மாறு.

"என்னக்கா, மூஞ்சி தொங்கிப்போயிக் கெடக்கு. கொய்யாப்பழம் புழுவா?"

பாண்டிமீனா எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒண்ணரை மடங்கா? கூறுகெட்டுப் போச்சா அவுங்களுக்கு?"

"அவுங்க என்ன செய்வாங்க. நான் வருசம் பூராம் நெடிக்குள்ளயே கெடக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. அதையே அந்தப் பன்னெண்டு பேத்துக்கும் செய்றாங்க." பாண்டிமீனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லிருவோமா ஈஸ்வரி?"

"சொன்னா?"

"ஆள்மாறாட்டம்னு பட்டையப் புடுங்கிருவாங்க. ஊருல ஒரு மில்லுலயும் நம்ம ரெண்டு பேரையும் சேக்க மாட்டாங்க."

சங்கரேஸ்வரி மீனைக் கழுவிக் கழுவி ஊற்றினாள். "அந்தக் கொய்யாப்பழ வேன்காரரு ரொம்ப இருமுறாரா?"

"சிரிச்சுக்கிட்டே இருமுறாருடி. அதத்தான் பாக்க முடியல."

இருவருக்கும் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். இந்த வயதில் புது வேலை யார் தருவார்கள்? பாண்டிமீனா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். டாக்டர் படித்தவர், ஆபத்து என்றால் அவரே நிறுத்திவிட மாட்டாரா? தன் ஒருத்தி வேலை என்றால் துணிந்து சொல்லியிருப்பாள் என்றுகூட நினைத்துக்கொண்டாள். அது பாதிதான் உண்மை என்று அவளுக்கே தெரியும்.

"வேண்டாம்டி. நாளைக்கும் நானே போயிர்றேன். டாக்டரம்மா என் மூஞ்சியத்தான பாத்திருக்காங்க."

"ரெண்டு வாரம் சேந்தாப்புல தாங்குவியாக்கா?"

"தாங்கித்தான ஆகணும்."

சங்கரேஸ்வரி மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பட்டை சுவர் ஆணியிலேயே தொங்கியது.

காலையில் பாண்டிமீனா தலையை முடிந்துகொண்டு கையை நீட்டினால் ஆணி வெறுமனே இருந்தது. அடுப்பும் மூட்டியிருக்கவில்லை. முதல் பஸ்ஸுக்கே சித்தி போய்விட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. முறையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் போய்விட்டாள், வேனுக்குள் டாக்டர் முன்னால் மாட்டிக்கொண்டு முழிக்கப்போகிறாள் என்று திட்டிக்கொண்டே அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் வருவதை ஈஸ்வரி மறக்கிற ஆள் இல்லை. மாட்டிக்கொள்வதற்கென்றே போயிருக்கிறாள்.

மில் வாசலுக்கு வெளியே வேன் நின்றது. உள்ளே படுக்கையில் யாரும் படுத்திருக்கவில்லை. சங்கரேஸ்வரி முகத்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே டாக்டர் ஜெபசீலி.

"வாங்க பாண்டிமீனா" என்றார் டாக்டர். "உங்களுக்கும் ஒரு டீ சொல்லட்டுமா?"

பாண்டிமீனா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ மேல தப்பு இல்ல டாக்டரம்மா. நான்தான்..."

"இருங்க. இவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கேன், பதில் வரட்டும்." டாக்டர் சங்கரேஸ்வரி பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. எந்தெந்த முதல் திங்கள் நீங்க வந்து படுத்தீங்க?"

சங்கரேஸ்வரி விரலை மடக்கினாள். "பங்குனிப் பொங்கலுக்கு முந்தி ஒண்ணு. எம்மகளுக்குப் பரிச்சை நடந்தப்ப ஒண்ணு. மழையில கம்பம் சாஞ்சு கரண்டு இல்லாமக் கெடந்துச்சே, அந்த வாரம். அப்புறம் ஆடி பொறந்து ஒண்ணு. போன மாசத்துக்கு முந்தின மாசம் ஒண்ணு. அஞ்சு தடவை."

டாக்டர் கையிலிருந்த கணினிப் பலகையில் தேதிகளைத் தேடினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சும் சரியா இருக்கு" என்றார். "இந்த அஞ்சு பையிலயும் வேற ஒரு ஆளோட அடையாளம் இருந்துச்சு. ஆய்வகத்துல எவளோ கவனமில்லாம கலந்துட்டான்னு முடிவு பண்ணிக் கழிச்சேன். அந்தப் பொண்ண நிக்க வச்சுத் திட்டினேன். அழுதா. இன்னைக்குப் போயி அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"இவ நெஞ்சும் என் நெஞ்சு மாதிரியா டாக்டரம்மா?" என்று கேட்டாள் பாண்டிமீனா.

"அச்சு அசல். அதான் விஷயமே. ஒருத்திக்கு இருந்தா பிறவி வரம்னு சொல்லலாம். நான் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் இருபத்திரண்டு வருஷத் தூசி பழக்கிவிட்டுருச்சுன்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. ஒரு வாரம் அடி வாங்கி, ஒரு வாரம் வீட்டுல இருந்திருக்கீங்க. இலை எடுக்கிறவங்களுக்கு வேலைய முழுசா முடிக்க நேரம் கெடச்சிருக்கு. முடிச்சு முடிச்சே கைதேர்ந்துட்டாங்க. நாங்க பை புடிச்சதும் திங்கக்கிழமை காலையில, ஓய்வு வாரம் முடிஞ்ச கையோட." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அந்தப் பன்னெண்டு பேருக்கும் பந்தி முடியவே விடல. இலை எடுக்கிறதுக்குள்ள அடுத்த பந்தி, அதுக்குள்ள அடுத்த பந்தி. கடைசியில இன்னைக்கு ஒண்ணரை மடங்கு சோறு போடச் சொல்லியிருந்தேன்."

மணி எட்டே முக்கால். ஒன்பதுக்கு மீனா அறையின் கதவை மூடுவார்கள். டாக்டர் மதுரைக்குப் பேசினார். தூசியை நிறுத்துங்கள், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று இரண்டே வாக்கியம். பிறகு இருவரையும் பார்த்தார்.

"இன்னைக்கு நிறுத்த என் வாய் போதும். நாளைக்குத் திரும்பத் திறக்காம இருக்கணும்னா கமிட்டிக்குக் காரணம் எழுதணும். எழுதினா மில்லுக்குத் தெரிஞ்சுரும். உங்க பேரைச் சொல்லாம எப்படியாவது சுத்தி வளைச்சு எழுதலாமான்னு யோசிச்சுப் பாத்தேன். முடியாது. நம்ப மாட்டாங்க. ஓய்வுதான் மருந்துன்னு சொன்னா, ஓய்வுக்குப் பதிலா ஒரு ஊசி போட முடியாதான்னு கேக்கிற ஆளுங்க அவங்க."

பாண்டிமீனா ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றாள் சங்கரேஸ்வரி. "ரெண்டு பேரையும் போட்டு எழுதுங்க."

டாக்டர் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் சற்றுத் தயங்கினார்.

"இன்னொண்ணு. அஞ்சு பையையும் கழிச்சேன்னு சொன்னேன்ல. ஒண்ணு தப்பிச்சிருச்சு. அவசரம்னு, சோதனை முடிவு வர்றதுக்கு முந்தியே ஏத்திட்டாங்க. ஆடி மாசத்துப் பை. ஐயனாரோட மனைவிக்கு."

பாண்டிமீனாவுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வாங்கிய கும்பிடும் கொய்யாப்பழமும் அவளுடையது இல்லை. தன்னுடையது என்று நினைத்து நினைத்துத்தான் அத்தனை குற்ற உணர்ச்சியையும் தாங்கியிருந்தாள். அப்படி ஒரு பொறாமை தனக்கு வந்ததே என்று அடுத்த கணம் வெட்கமாகிவிட்டது.

டாக்டரின் போன் அடித்தது. ஐயனார்தான். அறையை ஏன் மூடினீர்கள், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டான். டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பக்கம் நெடுநேரம் இருமல் மட்டும் கேட்டது. பிறகு, அக்கா பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்றான். டாக்டர் போனைப் பாண்டிமீனாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிச் சங்கரேஸ்வரியின் கையில் வைத்தாள்.

"யாருங்க பேசுறது?" என்றான் ஐயனார்.

துடுக்குக்காரிக்கு அன்று வாய் எழவில்லை.

"சங்கரேஸ்வரி பேசுறேன். ஒரு வாரத்துக்கு வீட்ட விட்டு வெளிய வராதீங்க. வேலைக்குப் போறேன், வேன எடுக்கிறேன்னு கெளம்பாதீங்க. ஒங்க வீட்டுக்காரம்மா நல்லா இருக்காங்கள்ல?"

அவன் என்ன சொன்னானோ, அவள் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பட்டையை வாசல் காவலாளியிடம் அவர்களே கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் வந்து கத்துவதற்கு முன் கிளம்புவது நல்லது என்று பாண்டிமீனாதான் சொன்னாள். வத்தல் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஓரமாக நடந்தார்கள்.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போன?"

"சொன்னா விட்டிருப்பியா? பட்டையில இருந்தது ஓம் பேரு. நீ போயிச் சொன்னா இருபத்திரண்டு வருசப் பேரு போகும். எனக்குப் போறதுக்கு என்னக்கா இருந்துச்சு?"

பயமாகத்தான் இருந்தது பாண்டிமீனாவுக்கு. அடுத்த வாரம் என்ன செய்வது என்று தெரியவில்லை, லாரியில் போயிருக்கிற புருஷன்மாரிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இளையவளின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். யாராவது பார்த்துவிடுவார்களே என்று பழக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி இந்த ரோட்டில் வந்தால் மற்றவள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த கணக்கு. இருவரும் சேர்ந்து இதில் நடப்பது இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.